கார்புரேட்டர் ஸ்பேசர்: எதை மாட்டுவது என்பது இருக்கட்டும், எங்கே அளப்பது?

பழைய ஆர்எக்ஸ் 100 ஒன்றைத் தேடிப் பிடிக்கிறார் ஒரு தம்பி. இன்ஜினைப் பிரிக்கிறார், போர்ட் தேய்க்கிறார், சைலன்சரை மாற்றுகிறார். கடைசியில், "கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஒரு ஸ்பேசர் போடு மாப்ள, டாப் எகிறும்" என்று நண்பர் சொல்ல, போனிலேயே ஆர்டர் போடுகிறார். இந்தத் தம்பி தொண்டியிலும் இருக்கிறார், திருவாடானையிலும் இருக்கிறார், தமிழ்நாடு முழுக்கவே இருக்கிறார். பார்சல் வந்த அன்றைக்கு ராத்திரியே அதை எங்கே சோதித்துப் பார்ப்பார் என்பதுதான் நம் கவலை. தொண்டி வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை பல இடங்களில் கோடு போட்ட மாதிரி நேராக நீள்கிறது. இரண்டு பக்கமும் கருவேலம், நடுவில் தார்ச்சாலை.

ஸ்பேசர் வேலை செய்யுமா என்றால், செய்யும். ஆனால் அது புதிதாகப் பவரைத் தயாரிக்கிற பொருள் அல்ல. இன்ஜின் எந்த வேகத்தில் சுற்றும்போது நன்றாக இழுக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர்த்துகிற பொருள். இது புரியாமல் வாங்குபவர் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

ஸ்பேசர் என்றால் என்ன?

கார்புரேட்டருக்கு அடியில் வைக்கும் ஒரு தடிமனான தட்டு. அவ்வளவுதான். காற்று போக நடுவில் துளை இருக்கும், மேலும் கீழும் கேஸ்கெட் வரும், நீளமான போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இது பிறந்து வளர்ந்த ஊர் அமெரிக்கா. அங்கே டிராக் ரேஸில் ஓடும் வி8 இன்ஜின்களின் தலைமேல் நான்கு வாய் கொண்ட ஒரே கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும். அதற்கும் கீழே இருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையில் அரை அங்குலம், ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்று ஸ்பேசர் வைத்துப் பார்ப்பார்கள். வழக்கமாக முதலில் எடுப்பது ஓர் அங்குலம்.

இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று 'நாலு ஓட்டை'. கார்புரேட்டரின் ஒவ்வொரு வாய்க்கும் நேராகத் தனித்தனித் துளை. கார்புரேட்டரின் கழுத்தில் வேகம் பிடித்த காற்று இன்னும் கொஞ்ச தூரம் அதே வேகத்தில், கலைந்து போகாமல் இறங்கும். பெட்ரோல் நன்றாகத் தூவலாகும். கீழ், நடு ஆர்பிஎம்மில் ஆக்ஸிலேட்டர் கொடுத்தவுடன் இன்ஜின் பதில் சொல்லும். இன்னொன்று 'ஓபன்'. நான்கு வாய்க்கும் சேர்த்து ஒரே பெரிய சதுர ஓட்டை. கார்புரேட்டருக்குக் கீழே காற்று தேங்கி நிற்கும் அறை இதனால் பெரிதாகிறது. மேலிருந்து இறங்கும் காற்று சிலிண்டருக்குப் போகும் குழாய்களுக்குள் திடீரென ஒடிந்து திரும்ப வேண்டியதில்லை. 6,000, 7,000 ஆர்பிஎம்மில் மூச்சுத் திணறும் இன்ஜினுக்கு இது கூடுதல் மூச்சு. பதிலுக்கு, கீழ் ஆர்பிஎம்மில் கார்புரேட்டரை உறிஞ்சும் இழுவை பலவீனமாகும், கிளம்பும்போது சற்றுத் தடுமாறும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை முடிவு செய்வது மேனிஃபோல்டும் கியரும் வண்டியின் எடையும்தான். டிராக் ஸ்ட்ரிப்பில் பச்சை விளக்கு எரிந்ததில் இருந்து கோட்டைத் தாண்டும் வரை ஓர் இன்ஜின் 5,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்கவே இறங்காது என்றால், 3,000-இல் அது தடுமாறினால் என்ன, தடுமாறாவிட்டால் என்ன? அங்கே ஓபன் ஸ்பேசருக்கு வாய்ப்புக் கொடுக்கலாம். கனமான வண்டி, தெருவிலும் ஓட வேண்டும், கிளம்பும் இழுவைதான் பிரச்சினை என்றால் நாலு ஓட்டையில் இருந்து தொடங்குவதே புத்தி. வலது பக்கத்துக்கும் இடது பக்கத்துக்கும் தனித்தனி அறை கொண்ட இரட்டைத் தள மேனிஃபோல்டில் ஓபன் ஸ்பேசர் வைத்தால் இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு வாசல் திறந்த மாதிரி ஆகிவிடும், குணம் மேல் ஆர்பிஎம் பக்கம் சாயும். இதெல்லாம் பொது விதிகள். ஒரே மாதிரி இரண்டு இன்ஜின்கள் ஒரே ஸ்பேசருக்கு இரண்டு விதமாக நடந்துகொள்வதும் உண்டு. அதனால்தான் அனுபவமுள்ள ரேஸ் மெக்கானிக்குகள் ஒன்றை வாங்கிக் கட்டிவிட்டுச் சும்மா இருப்பதில்லை. மூன்று நான்கு வகையைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கிறார்கள்.

தொண்டி வெயிலுக்கு இதுதான் முக்கியம்

நம் ஊரில் ஸ்பேசர் செய்யும் உருப்படியான வேலை வேறு: சூட்டைத் தடுப்பது. சூடான காற்று மெலிந்த காற்று. 15 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.225 கிலோ, 35 டிகிரியில் அது ஏறக்குறைய 1.146 கிலோ. ஆறரை சதவீதம் காலி. தோராயமாக, உள்ளே போகும் காற்று 3 டிகிரி சூடேறினால் ஒரு சதவீத அடர்த்தி போகும் என்று வைத்துக்கொள்ளலாம். சித்திரை மாத மதியத்தில் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு, அடுத்த முறைக்காக வரிசையில் நிற்கும்போது இன்ஜின் சூடு மேலே ஏறி கார்புரேட்டரைச் சுடும். உள்ளே இருக்கும் பெட்ரோல் குமிழ் விடத் தொடங்கும். அப்புறம் கிக்கரை எத்தனை முறை உதைத்தாலும் வண்டி இருமும், கிளம்பாது.

இதற்கு பேக்கலைட் வகை ஸ்பேசர்தான் சரி. கடைக்காரர் 'ஃபீனாலிக்' என்று சொல்வார், பழைய சுவிட்ச் போர்டின் பொருள் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். சூட்டை எளிதில் கடத்தாது. பளபளவென்று அலுமினியத்தில் வருவது பார்க்க அழகு, ஆனால் தோசைக்கல் மாதிரி சூட்டை அப்படியே மேலே அனுப்பும். கடலோரத்தில் அலுமினியத்துக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. அலுமினியத் தட்டு, இரும்பு போல்ட், உப்புக் காற்று மூன்றும் சேர்ந்தால் அரிப்பு தொடங்கும். ஒரு மழைக்காலம் போனால் போல்ட் கழலாது, கழற்றினால் திரெட் கையோடு வரும். வள்ளத்தில் இன்ஜின் மாட்டும் மெக்கானிக் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்.

ஆர்எக்ஸ் 100-க்கு இதே கணக்கா?

இல்லை. இங்கேதான் பலர் வி8 வீடியோவைப் பார்த்துவிட்டு 98 சிசி வண்டிக்குப் பொருத்துகிறார்கள். 1985 முதல் 1996 வரை எஸ்கார்ட்ஸ் தொழிற்சாலையில் தயாரான இந்த பைக்கில் ஒரே சிலிண்டர், ஒரே கார்புரேட்டர், ஒரே வாய். நாலு ஓட்டையா, ஓபனா என்ற கேள்வியே இங்கே எழாது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ரப்பர் குழாயும், ஒருவழிக் கதவாக வேலை செய்யும் ரீட் வால்வும் இருக்கின்றன. ஸ்பேசரை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டு விஷயம் மாறும்.

காற்று வரும் பாதை நீளும். பாதை நீண்டால், அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் அழுத்த அலைகள் சரியான நேரத்தில் வந்து உதவும் ஆர்பிஎம் கீழே இறங்கும். அதாவது நண்பர் சொன்ன மாதிரி டாப் எகிறுவதற்குப் பதிலாக, நடு வேகத்தில் இழுவை கூடி டாப் குறையவும் வாய்ப்பு உண்டு. அதே ஸ்பேசரை ரீட் வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வைத்தால் கிராங்க் கேஸின் கொள்ளளவு கூடும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்கு அடியில் இருக்கும் இந்த அறைதான் கலவையை அழுத்தி மேலே தள்ளும் பம்ப். அறை பெரிதானால் அழுத்தம் குறையும். இந்த இரண்டு விளைவுகளும் சேர்ந்து உங்கள் வண்டியில் எந்தப் பக்கம் சாயும் என்பது போர்ட்டை எவ்வளவு தேய்த்தீர்கள், என்ன சைலன்சர் போட்டீர்கள் என்பதோடு கட்டுண்டது. தேய்த்ததை மறுபடி ஒட்ட முடியாது என்பதால் ஸ்பேசரைக் கடைசியாக யோசிப்பது நல்லதுதான். ஆனால் அதை மந்திரத் தகடாக நினைக்க வேண்டாம்.

ஒரு கணக்குப் போடுவோம். எல்லாம் சரியாக அமைந்து ஸ்பேசர் 2 சதவீதம் பவர் கூட்டுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கொடுத்த 11 குதிரைத் திறனில் அது 0.22. பைக் நூறு கிலோ, ஓட்டுபவர் 65 கிலோ என்றால், மூன்று கிலோ சொச்சம் எடை குறைத்தாலும் அதே பலன் கிடைக்கும். இரண்டு வாரம் பரோட்டாவை நிறுத்தினால் போதும், கேஸ்கெட்கூட வேண்டாம். 402 மீட்டர் தூரத்தை 18 விநாடியில் கடக்கும் வண்டியில் இது தரும் லாபம் சுமார் 0.12 விநாடி. வாடைக் காற்று எதிரே அடித்தால் அது அப்படியே மறைந்துபோகும். சோளகம் பின்னால் இருந்து தள்ளினால், ஸ்பேசர் போடாத வண்டியும் ஜெயித்துவிடும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்த பிறகு வாங்கிய பைக் உங்களுடையது என்றால், இந்தக் கட்டுரையின் தொழில்நுட்பப் பகுதி அநேகமாக உங்களுக்கு இல்லை. அதில் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்தான் இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

ஸ்பேசரால் வண்டி வேகம் கூடாமல் போனால் நஷ்டம் சில நூறு ரூபாய். தப்பாக மாட்டினால் நஷ்டம் வேறு மாதிரி. தட்டு மேடுபள்ளமாக இருந்தாலோ, பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டாலோ, போல்ட்டை ஒரு பக்கமாக இறுக்கினாலோ, இணைப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே கசியும். அந்தக் காற்றுக்குக் கார்புரேட்டர் பெட்ரோல் கொடுத்திருக்காது. கலவை மெலியும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் உள்ளே போகிறது, பிஸ்டனின் சூட்டைத் தணிப்பதிலும் அந்தக் கலவைக்குப் பங்கு உண்டு. முழு ஆக்ஸிலேட்டரில், கடைசி கியரில், மெலிந்த கலவையோடு ஓடும்போது பிஸ்டன் வீங்கி சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும். மெக்கானிக் பாஷையில் 'ஜாம்'. அந்த நொடியில் பின்சக்கரம் லாக் ஆகும். உடனே கிளட்ச்சைப் பிடிக்கத் தெரிந்தவருக்குச் சறுக்கலோடு போகும். தெரியாதவர் தார்ச்சாலையில் விழுவார்.

இப்போது பங்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோல் இந்த ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதாவது பழைய ஜெட்டிலேயே 20 சதவீதம் எத்தனால் கலந்த எரிபொருளை ஊற்றினால், வண்டி ஏற்கெனவே மெலிந்த பக்கம்தான் நிற்கிறது. அதற்கு மேல் ஒரு காற்றுக் கசிவு என்றால் சொல்லவே வேண்டாம்.

கசிவைக் கண்டுபிடிப்பது கடினம் அல்ல. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் சத்தம் உடனே இறங்காமல் தொங்கினால் முதல் சந்தேகம் இதுதான். இன்ஜின் ஆறி இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஐடிலிங்கில் விட்டு, இணைப்பைச் சுற்றி லேசாகச் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் கசிவு இருக்கிறது. பெட்ரோலைத் தெளித்துச் சோதிக்கும் வழக்கம் சில ஒர்க்‌ஷாப்களில் உண்டு, அதைச் செய்யாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். முனை வெளுத்துக் கிடந்தால் கலவை மெலிவு. ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்காமல் அடுத்த ஓட்டம் ஓடக் கூடாது.

அளக்க ஓர் இடம் வேண்டாமா?

ஸ்பேசர் தேர்வு என்பது கடைசியில் அளவெடுக்கிற வேலை. டிராக் ஸ்ட்ரிப்பில் ஓடி முடித்ததும் கையில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். முதல் 60 அடியைக் கடந்த நேரம், மொத்த நேரம், கோட்டைத் தாண்டியபோது இருந்த வேகம் எல்லாம் அதில் இருக்கும். ஸ்பேசர் போட்ட பிறகு 60 அடி நேரம் கெட்டு, கடைசி வேகம் கூடியிருந்தால், அது பவரை மேலே நகர்த்தியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் கெட்டிருந்தால் கழற்றிப் போடுங்கள். ஸ்பேசர் இல்லாமல் மூன்று ஓட்டம், போட்டு மூன்று ஓட்டம், மறுபடி கழற்றி ஓர் ஓட்டம், ஒரே நாளில், வேறு எதையும் மாற்றாமல். இதைவிட நேர்மையான சோதனை கிடையாது.

இதை ஈசிஆரில் செய்ய முடியுமா? முடியாது. போன் ஸ்டாப்வாட்சில் 0.12 விநாடி வித்தியாசத்தைப் பிடிக்க நினைப்பது, மீன் எடை போடும் தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி. பக்கத்தில் ஓடும் வண்டியை முந்தினோமா என்பது மட்டும்தான் அங்கே தெரியும். அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் போகிறோம். ஆபத்தை உணர ஒரு விநாடி, அப்புறம் நல்ல பிரேக்கும் காய்ந்த சாலையும் இருந்தால் இன்னும் ஐம்பது மீட்டருக்கு மேல். மொத்தம் எண்பது மீட்டரைத் தாண்டும். ஆர்எக்ஸ் 100-க்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக். விடியற்காலையில் மீன் கூடையோடு டிவிஎஸ் 50-யில் குறுக்கே வருபவருக்கோ, சாலையில் படுத்திருக்கும் மாட்டுக்கோ இந்தக் கணக்கு தெரியாது.

சட்டமும் இளகவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி பொதுச்சாலையில் பந்தயம் விட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, இரண்டாவது முறை பிடிபட்டால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். வண்டியில் செய்யும் அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் என்று 182ஏ பிரிவு தனியாகச் சொல்கிறது. ஓட்டியவர் 18 வயதுக்குக் கீழே என்றால் பொறுப்பு பெற்றோர் தலையில்: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

போலீஸ் பிடிக்கட்டும், அபராதம் போடட்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது மட்டும் போதாது என்பதே நம் கருத்து. டிராக் ரேஸிங்கே தெருவில் பிறந்து, பிறகு விமான ஓடுதளத்துக்குக் குடிபோன விளையாட்டு. 1950-இல் கலிஃபோர்னியாவின் சான்டா ஆனா விமான நிலையத்தில் காசு வாங்கிக்கொண்டு முறையாக டிராக் ரேஸ் நடத்த ஆரம்பித்தார்கள். நம்மிடமும் அந்த வரலாறு உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளத்தில்தான் பல ஆண்டுகள் கார், பைக் பந்தயங்கள் நடந்தன. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று தடம் கட்டிக்கொண்டது. தேசிய டிராக் ரேஸிங் போட்டிகளும் அங்கே நடந்திருக்கின்றன, டூ ஸ்ட்ரோக் பைக்குகளுக்குத் தனிப் பிரிவோடு. மகாராஷ்டிராவில் ஆம்பி வேலி விமான ஓடுதளத்திலும் டிராக் ஓட்டங்கள் நடத்தியிருக்கிறார்கள்.

தொண்டியில் இருந்து இருங்காட்டுக்கோட்டை நானூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு மெக்கானிக் பையனால் ஸ்பேசர் சோதிக்க அவ்வளவு தூரம் அடிக்கடி போக முடியாது. ஆனால் தொண்டியில் இருந்து நூறு கிலோமீட்டருக்குள், காரைக்குடி பக்கத்தில், செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அங்கே மறுபடி விமானம் இறங்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. அது நடக்கிற வரைக்கும், வருடத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமை அதன் ஒரு பகுதியைச் சீர்செய்து, தடுப்பு போட்டு, டைமிங் கருவியும் ஆம்புலன்ஸும் நிறுத்தி, ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட இளைஞர்களுக்குத் திறந்துவிட முடியாதா? 402 மீட்டர் ஓட்டமும், நிற்பதற்கு அதைவிட நீளமான இடமும் சேர்த்து ஒரு கிலோமீட்டர் இருந்தால் ஆகிற காரியம். விளையாட்டுத் துறையும் காவல்துறையும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும்.

'ஸ்ட்ரிப் கட்டிக் கொடுத்தால் ஆபத்து போய்விடுமா?' என்று கேட்பீர்கள். போகாது. 2008-இல் அமெரிக்காவில் ஸ்காட் கலிட்டா என்ற முன்னணி வீரர் முறையான ஸ்ட்ரிப்பிலேயே இறந்தார். அதன் பிறகு மிக வேகமான பிரிவுகளின் ஓட்டத்தை 402 மீட்டரில் இருந்து ஆயிரம் அடியாக, அதாவது 305 மீட்டராகக் குறைத்தார்கள். ஒரு சாவுக்குப் பிறகு தூரத்தைக் குறைக்க, விதியை மாற்ற அங்கே ஓர் அமைப்பு இருந்தது. ராத்திரி ஈசிஆரில் விழுந்தவனுக்காக எந்த விதி மாறுகிறது? பேனர் மட்டும்தான் மாறுகிறது.

செட்டிநாடு வருகிறதோ இல்லையோ, அதுவரை செய்யக்கூடியது இதுதான். இருங்காட்டுக்கோட்டையில் போட்டியோ டிராக் நாளோ அறிவித்தால் நாலு பேர் சேர்ந்து போங்கள். போட்டிக்கு எஃப்எம்எஸ்சிஐ லைசென்ஸ் வேண்டும், முழு முக ஹெல்மெட்டும் தோல் சூட்டும் வேண்டும், ஓட்டத்துக்கு முன் வண்டியைச் சோதிப்பார்கள். பைக்கை அங்கே வரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், டாட்டா ஏஸில் ஏற்றிக் கட்டுங்கள். பேக்கலைட் ஸ்பேசர் ஒன்று, இரண்டு அளவு பெரிய ஜெட்டுகள், நாலு புது கேஸ்கெட், ஒரு நோட்டு. முதல் மூன்று ஓட்டம் ஸ்பேசர் இல்லாமல்.